வண்டி 5,000 டாலர், ரிப்பேர் 4,200 டாலர்! பழைய டிரக்கில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மாற்ற ஏன் இவ்வளவு செலவு?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஃபிரெஸ்னோ பக்கம் தோட்ட வேலை பார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் 18 வருஷம் ஓடிய பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. புல்வெட்டும் மெஷின், மண்வெட்டி, உரமூட்டை எல்லாம் அதில்தான் போகும். இன்றைக்கு விற்றால் 5,000 டாலர் கிடைக்கலாம்.

ஒருநாள் காலையில் டேஷ்போர்டில் மஞ்சள் கலரில் ‘செக் இன்ஜின்’ லைட் எரிகிறது. ஷெட்டில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்த மெக்கானிக், “கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போச்சு. ரெண்டையும் மாத்தணும். 4,200 டாலர் ஆகும்” என்கிறார்.

நம்ம பணத்தில் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். வண்டியின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இந்த ஆள் ஒரு உதாரணத்துக்குத்தான். ஆனால், இப்படிப்பட்ட பில் அங்கே தினமும் யாரோ ஒருவர் கையில் வந்து விழுகிறது. வண்டிக்கு அடியில், புகைக்குழாயில் மாட்டியிருக்கும் ஒரு டப்பாவுக்கு ஏன் இவ்வளவு விலை? பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மீதே இந்தச் செலவு ஏன் விழுகிறது? பில் கட்டுவதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும்? நம்ம ஊர் ஈகோ வேன் வரைக்கும் வரும் கதை இது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில்... டிரக் என்றால் லாரி இல்லையா?

நமக்கு டிரக் என்றால் லாரி. அமெரிக்காவில் பேச்சுவழக்கில் டிரக் என்றால் பெரும்பாலும் பிக்கப்தான். முன்னால் கேபின், பின்னால் திறந்த தொட்டி. ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ, டொயோட்டா டுன்ட்ரா எல்லாம் இந்த ரகம். கொத்தனார், எலெக்ட்ரீஷியன், விவசாயி என்று கையால் உழைப்பவர்களுக்கு அதுதான் பிழைப்பு வண்டி. பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜின், அதுவும் ஆறு அல்லது எட்டு சிலிண்டர்.

இந்த சிலிண்டர் கணக்கு முக்கியம். பில் பெரிதாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

இன்ஜினில் பெட்ரோல் எரியும்போது மூன்று மோசமான சமாச்சாரங்கள் வெளியே வருகின்றன. கார்பன் மோனாக்சைடு, முழுசாக எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள். முதலாவது உயிரையே எடுக்கும் விஷவாயு. மற்ற இரண்டும் வெயிலில் சேர்ந்து நகரத்தை மூடும் புகைமூட்டத்தை உண்டாக்கும்.

கன்வெர்ட்டரைத் திறந்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கும். ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் துளைகள். அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிசாகப் பூசப்பட்டிருக்கும். சூடான புகை இதற்குள் புகுந்து போகும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும், ஹைட்ரோகார்பன் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும், நைட்ரஜன் ஆக்சைடு சாதாரண நைட்ரஜனாகவும் மாறிவிடும்.

இதில் உலோகங்களின் வேலை கல்யாணத் தரகர் வேலை மாதிரி. இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துவிட்டு விலகிக்கொள்ளும். தான் கரையாது, தீராது. அதனால் நல்ல இன்ஜினோடு மாட்டிய கன்வெர்ட்டர் வண்டியின் ஆயுள் முழுக்கவே உழைக்கலாம்.

அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் இருந்து இது பரவலாக வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்த உலோகப் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால், ஈயம் இல்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள்.

ஏன் இவ்வளவு விலை?

மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், உலோகம். ஒரு கன்வெர்ட்டருக்குள் இந்த மூன்றும் சேர்ந்து பெரும்பாலும் சில கிராம்தான் இருக்கும். ஆனால் அந்தச் சில கிராமின் விலை சாதாரணம் இல்லை. ரோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 31 கிராம், 1,000 டாலருக்கும் கீழே இருந்தது. 2021 மார்ச்சில் 29,000 டாலரைத் தொட்டது. தங்கமெல்லாம் அப்போது பக்கத்தில்கூட வர முடியாது.

உலக ரோடியத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் தென்னாப்பிரிக்காவில் இருந்துதான் வருகிறது. அதுவும் பிளாட்டினம் தோண்டும்போது உபரியாகக் கிடைப்பது. விலை ஏறுகிறதே என்று ரோடியத்துக்காக மட்டும் யாரும் புதுச் சுரங்கம் திறக்க முடியாது. 2020-ல் அங்கே இந்த உலோகங்களைச் சுத்திகரிக்கும் ஒரு பெரிய ஆலை பழுதாகி நின்றது. அதே சமயத்தில் சீனாவும் இந்தியாவும் புகை விதிகளை இறுக்கின. நம்ம பி.எஸ்.6 விதி நாடு முழுக்க வந்தது 2020 ஏப்ரல் 1-ல்தான். சரக்கு குறைவு, தேவை அதிகம். விலை எகிறிவிட்டது. பல்லேடியத்துக்கு ரஷ்யா பெரிய ஆதாரம். உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் 2022 மார்ச்சில் அதுவும் அவுன்ஸுக்கு 3,000 டாலரைத் தாண்டியது.

அதன்பிறகு விலை நிறைய இறங்கியது. 2023-க்குள் ரோடியம் 5,000 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் கம்பெனி ஒரிஜினல் பாகத்தின் விலை அதே வேகத்தில் இறங்குவதில்லை.

இரண்டாவது காரணம், எண்ணிக்கை. நாலு சிலிண்டர் காரில் பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் புகை வெளியேறும். வி6, வி8 இன்ஜினில் இரண்டு பக்கமும் புகைக்குழாய் உண்டு. பக்கத்துக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு கன்வெர்ட்டர் இருக்கும். சில மாடல்களில் நாலு. கூடவே ஆக்ஸிஜன் சென்சார்கள், கேஸ்கெட், துருப்பிடித்துப்போன போல்ட் நட்டுகள். பதினைந்து, இருபது வருஷ வண்டியில் போல்ட் சும்மா கழலாது. சூடு காட்டி, வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் கூலி.

மூன்றாவது காரணம், சட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒரே நாடு, இரண்டு விலை

அமெரிக்காவில் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயை மாட்டுவது குற்றம். ‘சுத்தமான காற்றுச் சட்டம்’ என்ற மத்திய சட்டம் அதைத் தடுக்கிறது. மாற்று கன்வெர்ட்டர் போடலாம். ஆனால் எல்லா மாநிலத்திலும் ஒரே சரக்கு செல்லாது.

பெரும்பாலான மாநிலங்களில் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிக்கு உட்பட்ட வெளிக்கம்பெனி கன்வெர்ட்டர் போதும். சில நூறு டாலரில் கிடைக்கும். அதில் உலோகப் பூச்சு குறைவு. ஆயுளும் குறைவு. விதிப்படி அது 25,000 மைல் வரை வேலை செய்யும் என்று உத்தரவாதம் தந்தால் போதும்.

கலிஃபோர்னியாவில் இது செல்லாது. அந்த மாநிலக் காற்று வள வாரியம், ஒவ்வொரு மாடலுக்கும் இன்ஜினுக்கும் தனித்தனியாகச் சோதித்து அனுமதித்த கன்வெர்ட்டரைத்தான் போட வேண்டும். அனுமதி எண் அந்த டப்பா மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 50,000 மைல் உத்தரவாதம் வேண்டும் என்பதால் உள்ளே உலோகமும் அதிகம், விலையும் அதிகம். மத்திய ரகத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு ஆவது சாதாரணம். பழைய சாமான் கடையில் இருந்து யூஸ்டு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுவதற்கும் அங்கே தடை. நியூயார்க், மெய்ன், கொலராடோ மாநிலங்களும் கலிஃபோர்னியா வழியைப் பின்பற்றுகின்றன.

ஆக, ஒரே மாடல் வண்டி, ஒரே கோளாறு. டெக்சாஸில் ஆயிரம் டாலருக்குள் முடியக்கூடிய வேலை, கலிஃபோர்னியாவில் மூவாயிரம், நாலாயிரம் என்று போகலாம்.

கலிஃபோர்னியா ஏன் இவ்வளவு கறார்? லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டம் உலகப் பிரசித்தம். மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் வண்டிப் புகை தேங்கி, கண் எரிந்து, மூச்சுத் திணறிய ஊர் அது. நம்ம உதாரண ஆள் இருக்கும் ஃபிரெஸ்னோவும் அப்படியொரு பள்ளத்தாக்குதான். அமெரிக்காவிலேயே காற்று மோசமான இடங்களில் ஒன்று. அங்கே கெட்டுப்போன கன்வெர்ட்டரோடு ஓடும் வண்டியின் புகையை முதலில் சுவாசிப்பது அவரும் அவர் பிள்ளைகளும்தான். அதனால் விதி தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. யார் காசில் அந்த விதி நிறைவேறுகிறது என்பதுதான் சிக்கல்.

பழைய வண்டிக்காரர் தலையில் விழுவது ஏன்?

இப்போது சில தேதிகளையும் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கன்வெர்ட்டருக்கு மத்திய சட்டப்படி கம்பெனி தர வேண்டிய வாரண்டி 8 வருஷம் அல்லது 80,000 மைல். எது முதலில் வருகிறதோ அது. இந்தக் காலத்துக்குள் கெட்டால் கம்பெனி செலவில் மாற்றித் தர வேண்டும்.

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார், பிக்கப்களின் சராசரி வயது 2024-ல் 12.6 வருஷம். சராசரி வண்டியே வாரண்டியைத் தாண்டி நாலரை வருஷம் ஆகிவிட்டது.

கலிஃபோர்னியாவில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ‘ஸ்மாக் செக்’ என்ற புகைச் சோதனை உண்டு. பெட்ரோல் வண்டிக்கு முதல் எட்டு மாடல் வருஷங்கள் வரை விலக்கு. அதாவது வாரண்டி முடியும் நேரத்தில்தான் சோதனை ஆரம்பிக்கிறது. ‘செக் இன்ஜின்’ லைட் எரிந்தாலே ஃபெயில். ஃபெயில் ஆனால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பதிவு இல்லாமல் ஓட்டினால் அபராதம். வண்டி இல்லையென்றால் வேலை இல்லை.

புது வண்டி வாங்க முடிந்தவருக்குக் கன்வெர்ட்டர் இலவசம் மாதிரிதான். புது வண்டி வாங்க முடியாதவர்தான் அதற்குக் காசு கொடுக்கிறார்.

வருமானம் குறைந்தவர்களுக்கு ரிப்பேர் செலவில் ஒரு பங்கைக் கொடுக்கும் உதவித் திட்டமும், பழைய வண்டியை ஒப்படைத்தால் பணம் தரும் திட்டமும் கலிஃபோர்னியாவில் இருக்கின்றன. ஆனால் நாலாயிரம் டாலர் பில்லை அது முழுசாக அடைத்துவிடாது.

திருடனுக்குச் சில நூறு, உங்களுக்குச் சில ஆயிரம்

கெட்டுப்போவது ஒரு பக்கம். திருட்டுப்போவது இன்னொரு பக்கம்.

உலோக விலை ஏறியதும் அமெரிக்காவில் கன்வெர்ட்டர் திருட்டு தலைவிரித்தாடியது. அங்குள்ள தேசிய காப்பீட்டுக் குற்றப் புலனாய்வு அமைப்பின் கணக்குப்படி, 2018-ல் இதற்காக வந்த காப்பீட்டு கிளெய்ம் வெறும் 1,298. 2020-ல் 14,433. 2022-ல் 64,701. நாலே வருஷத்தில் ஐம்பது மடங்கு.

பிக்கப் வண்டி தரையில் இருந்து உயரமாக நிற்கும். ஜாக்கி வைக்கக்கூடத் தேவையில்லை. பேட்டரி ரம்பத்தோடு அடியில் புகுந்தால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் அறுத்துக்கொண்டு போய்விடலாம். திருடனுக்குச் சில நூறு டாலர் கிடைக்கும். உரிமையாளருக்குச் சில ஆயிரம் டாலர் நஷ்டம். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் டிராக்டர் மாதிரி உறுமும் சத்தத்தில்தான் விஷயமே தெரியும்.

2022 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை ஐந்து மாநிலங்களில் 21 பேர் மீது நடவடிக்கை எடுத்தது. திருட்டு கன்வெர்ட்டர்களை வாங்கி, உடைத்து, உலோகத்தூளை ஆலைகளுக்கு விற்ற வலைப்பின்னல் அது. அரசு பறிமுதல் செய்யக் கோரிய தொகை மட்டும் 54.5 கோடி டாலர். அடியில் புகுந்து அறுப்பவன் சின்ன ஆள். பெரிய காசு அதை வாங்குபவரிடம் இருக்கிறது.

காப்பீடு கொடுக்காதா? ‘காம்ப்ரிஹென்சிவ்’ பாலிசி இருந்தால் கொடுக்கும். ஆனால் பழைய வண்டிக்கு அதிக பிரீமியம் கட்டி அந்தப் பாலிசியை யாரும் பெரிதாக வைத்திருப்பதில்லை. அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான கட்டாயப் பாலிசி மட்டும்தான் இருக்கும். அதில் இது வராது.

லைட் எரிந்தால் உடனே மாற்ற வேண்டுமா?

கட்டாயம் இல்லை. காசு மிச்சமாகும் இடமே இதுதான்.

அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்து எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.2 என்ற கண்காணிப்பு முறை இருக்கிறது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன் சென்சாரின் சிக்னல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் ஒழுங்காக இருந்தால் பின் சென்சாரின் சிக்னல் கிட்டத்தட்ட நிலையாக நிற்கும். அதுவும் முன் சென்சார் மாதிரியே ஆட ஆரம்பித்தால், கம்ப்யூட்டர் ‘பி0420’ அல்லது ‘பி0430’ என்று கோடு போட்டு லைட்டை எரியவிடும். முதலாவது இன்ஜினின் ஒரு பக்கத்துக்கு, இரண்டாவது மறுபக்கத்துக்கு.

அந்தக் கோடுக்கு அர்த்தம், ‘கன்வெர்ட்டரின் திறன் குறைந்த மாதிரி தெரிகிறது’ என்பதுதான். ‘கன்வெர்ட்டரை மாற்று’ என்று அது சொல்லவில்லை. எனவே பில்லுக்குத் தலையாட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

1. புகைக்குழாயில் லீக் இருக்கிறதா? சென்சார் பக்கத்தில் சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய்த் தப்பான கணக்குக் காட்டும். வெல்டிங், கேஸ்கெட்டோடு முடிந்துவிடலாம்.

2. சென்சார் நன்றாக இருக்கிறதா? சென்சார் மாற்றுவது கன்வெர்ட்டர் செலவில் சின்னப் பங்குதான்.

3. இன்ஜின் மிஸ்ஸிங் இருக்கிறதா? ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் கெட்டால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அந்தச் சூட்டில் பீங்கான் உருகும். ‘செக் இன்ஜின்’ லைட் விட்டு விட்டு மின்னினால் இதுதான் எச்சரிக்கை. ஓட்டுவதை நிறுத்துவது நல்லது.

4. இன்ஜின் ஆயில் குடிக்கிறதா? கூலண்ட் குறைகிறதா? இரண்டில் இருக்கும் ரசாயனங்களும் உலோகப் பூச்சின் மேல் படிந்து அதை முடமாக்கிவிடும்.

5. இரண்டு கன்வெர்ட்டருமே போய்விட்டதா? ஒரு பக்கத்துக்கு மட்டும் கோடு வந்திருந்தால், இன்னொன்றை ஏன் மாற்ற வேண்டும் என்று காரணம் கேளுங்கள்.

மூன்றும் நாலும் ரொம்ப முக்கியம். கன்வெர்ட்டர் தானாகச் சாவது குறைவு, பெரும்பாலும் இன்ஜின்தான் அதைக் கொல்கிறது. மூல காரணத்தைச் சரிசெய்யாமல் புதிதாக மாட்டினால், அந்த 4,200 டாலர் கன்வெர்ட்டரும் ஒன்றிரண்டு வருஷத்தில் பழையதன் கதிக்கே வந்து நிற்கும்.

டேங்கில் ஊற்றினால் கன்வெர்ட்டர் புதுசாகிவிடும் என்று விற்கும் பாட்டில்கள் உருகிப்போன பீங்கானைத் திரும்பக் கட்டாது. சென்சாரை ஏமாற்றும் குறுக்கு வழிகளும் சட்டவிரோதம்தான்.

எல்லாம் பார்த்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி வண்டியைப் பற்றியது. இன்ஜினும் கியர்பாக்ஸும் நல்லா இருந்து இன்னும் அஞ்சு வருஷம் ஓடும் என்றால், 4,200 டாலர் என்பது வருஷத்துக்கு 840 டாலர். புது டிரக் கடனுக்கு ஒன்றிரண்டு மாசத் தவணைதான் அது. இன்ஜினே ஆயில் குடித்துக்கொண்டிருந்தால், அதே பணம் வீண்.

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் ஏற்கெனவே வந்துவிட்டது. மகாராஷ்டிரா, குஜராத் என்று பல மாநிலங்களில் மாருதி ஈகோ வேன்களின் சைலன்ஸரைக் குறிவைத்துத் திருடும் கும்பல்கள் பிடிபட்டன. சைலன்ஸர் எதற்கு என்று முதலில் பலருக்கும் புரியவில்லை. அதோடு சேர்ந்திருக்கும் கன்வெர்ட்டரை உடைத்து, உள்ளே இருக்கும் மண் மாதிரியான தூளை விற்பதுதான் தொழில். அதில் இருப்பதும் அதே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். ஸ்கூல் டிரிப், சரக்கு டெலிவரி என்று பிழைப்புக்கு ஓடும் வேன்கள்தான் இங்கேயும் அடி வாங்கின.

“கன்வெர்ட்டரை எடுத்துட்டா பிக்கப் நல்லா இருக்கும், மைலேஜ் ஏறும்” என்று சொல்லும் ஷெட்டுகள் இங்கேயும் உண்டு. புகை விதியை மீறி வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் ரத்து என்று இருக்கிறது. பழைய சைலன்ஸரைக் கழற்றி எடுத்தால், அது யாரிடம் போகிறது என்பதையும் கவனியுங்கள். உங்களுக்குப் பழைய இரும்பு, அவருக்கு உலோகக் காசு.

லாரிக்காரர்களுக்கு இன்னும் பெரிய கணக்கு காத்திருக்கிறது. பி.எஸ்.6 டீசல் லாரிகளில் புகையைச் சுத்தம் செய்ய வினையூக்கி, கரித்தூளைப் பிடிக்கும் ஃபில்டர், யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பு என்று வரிசையாக இருக்கின்றன. 2020-ல் வாங்கிய அந்த லாரிகள் இன்னும் சில வருஷத்தில் இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறும். முதல் முதலாளியின் வாரண்டியில் ஓடிய பாகங்கள், கடன் வாங்கி ஒற்றை லாரி ஓட்டும் ஒருவரின் கையில் இருக்கும்போதுதான் கெட ஆரம்பிக்கும்.

ஃபிரெஸ்னோவில் அந்தத் தோட்ட வேலைக்காரர் இப்போது போடும் அதே கணக்கை, அன்றைக்கு நாமக்கல்லில் ஒருவர் உட்கார்ந்து போட வேண்டியிருக்கும். அவருக்கு உதவித் திட்டம் வேண்டுமா, வாரண்டியை நீட்ட வேண்டுமா, நியாயமான விலையில் தரமான மாற்றுப் பாகம் வேண்டுமா என்பதை முடிவு செய்ய இப்போது நேரம் இருக்கிறது. வண்டிகளுக்கு வயதான பிறகு அந்த நேரம் இருக்காது.